அவளுக்குத் தமிழ் தெரியும் என்பதற்கான சான்று

தம்பியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலம்தான் அவன் மனைவியிடம், விசா எப்போது முடிகிறது என்று முதன்முதலாகக் கேட்டேன். இன்னும் ஐந்து வாரம் என்றாள். அதுவரை அந்தத் தேதியை நினைவில் வைத்திருந்தவன் அவன்தான். வருடத்துக்கு ஒரு முறை பிளாஸ்டிக் பையில் காகிதங்களைப் போட்டுக்கொண்டு இருவரும் சிவகங்கைக்குப் போவார்கள், வருவார்கள். கேஸ் சிலிண்டருக்குப் பதிந்து வைப்பதைப் போல அது அவர்கள் வீட்டுக் காரியம் என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

அவள் பிலிப்பைன்ஸில் ஏதோ ஒரு தீவில் பிறந்தவள். தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது அவள் அங்கே ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழகி, கல்யாணம் செய்துகொண்டு, நாச்சியாபுரத்துக்கு அந்தப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்கே வந்துவிட்டார்கள். தம்பி டிராக்டர் ஓட்டினான். குழந்தை இல்லை. பதினைந்து வருடம் அப்படியே ஓடியது. ஒருநாள் உழுதுகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை நிறுத்தி, இறங்கி, வரப்பில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து வயல்காரர் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை.

நான் காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவரோடு காரைக்குடியிலேயே குடியிருக்கிறேன். தம்பி இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, ஊரில் அவர்களோடு இருந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள்தான். நான் சனி, ஞாயிறுகளில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன்.

ஆகவே அன்று விசாவைப் பற்றிக் கேட்டபோது என் மனதில் என்ன இருந்தது என்பதை நான் மறைக்கக் கூடாது. இவள் போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பது? தம்பி செத்துப் பதினாறு நாளில் அவன் அக்கா கேட்ட முதல் கேள்வி அதிலிருந்துதான் வந்தது.

அந்த வருட நீட்டிப்பை ஒருவாறு வாங்கினோம். அடுத்த வருடமும் வாங்கினோம். இரண்டு முறையும் கணவர் பெயர் கேட்ட கட்டத்தில் என்ன எழுதுவது என்று விளக்கம், அதற்கு ஒரு கடிதம், கடிதத்துக்கு ஒரு நகல். இதற்குப் பதிலாகக் குடியுரிமைக்கே விண்ணப்பித்துவிட்டால் என்ன என்று நான்தான் சொன்னேன். அவள் அப்போது அம்மாவின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். என்ன காகிதம் வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

பள்ளிக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அவளை சிவகங்கைக்கு அழைத்துப் போனேன். கலெக்டர் அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். வேகமாகப் பேசவில்லை, எரிந்து விழவில்லை. கணவர் உயிரோடு இருந்திருந்தால் இந்தியரின் மனைவி என்ற வகையில் விண்ணப்பிக்கலாம், அதற்கு வேறு படிவம் என்றார். இப்போது பொதுவான வகையில்தான் போட முடியும். அதற்குப் பன்னிரண்டு வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். அது இருக்கிறது. நன்னடத்தைக்கு இரண்டு பேர் உறுதி தர வேண்டும். பிறகு, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள இந்திய மொழிகளில் ஏதாவது ஒன்று போதுமான அளவு தெரியும் என்பதற்குச் சான்று வேண்டும். அதற்கும் இரண்டு பேர். சொந்தக்காரர்கள் கூடாது.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்து, உங்களுக்குத் தமிழ் தெரியுமாம்மா என்று கேட்டார்.

“தெரியும்ங்க. அத்தைக்குச் சோறு பிசைஞ்சு வச்சுட்டுப் பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன். வெரசாச் சொன்னீகன்னா ரெண்டரை மணி பஸ்ஸைப் புடிச்சிருவோம்.”

அவர் தலையாட்டிக்கொண்டே தாளில் ஏதோ குறித்தார். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவ்வளவு நீளமாகத் தமிழ் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. காரணம் அவள் இல்லை, நான்தான். அவள் வந்த நாளிலிருந்து நான் அவளிடம் ஆங்கிலத்தில்தான் பேசினேன். அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொள்வேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாது. அவர்கள் எல்லோரிடமும் அவள் தமிழில் வாழ்ந்துகொண்டிருந்தாள். நான் மட்டும் பதினேழு வருடமாக அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. நாட்டரசன்கோட்டை வரை நின்றுகொண்டே வந்தோம். அங்கே இரண்டு பேர் இறங்கியதும் என்னை உட்கார வைத்துவிட்டு அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் காகிதங்களைப் பரப்பியபோது இன்னொரு வேலை தெரிந்தது. அவள் பெயரைத் தமிழில் நாங்களே மூன்று விதமாக எழுதியிருந்தோம். ஊருக்கு வந்து செய்த கல்யாணப் பதிவில் ஒன்று, பாங்க் புத்தகத்தில் ஒன்று, தம்பியின் இறப்புச் சான்றுக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒன்று. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் போய் உறுதிமொழி எழுதினோம். அதற்கு இரண்டு சனிக்கிழமை போனது.

மொழிச் சான்றுக்கு எங்கள் பள்ளித் தமிழ் ஆசிரியரைக் கேட்டேன். பதினெட்டு வருடமாக ஒரே அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறோம், உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். பார்க்காமல் எழுத மாட்டேன் டீச்சர் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னபடியே ஒரு சனிக்கிழமை இருசக்கர வாகனத்தில் ஊருக்கு வந்தார்.

தம்பி அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தபோது ஒரு பாதுகாப்பான வழி சொல்லியிருந்தான். யாருக்கு மரியாதை, யாருக்கு வேண்டாம் என்பது தெளிவாகத் தெரியும்வரை எல்லோரையும் மரியாதையாகவே பேசிவிடு, யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று. அவள் அதை ஒருநாளும் மாற்றவில்லை. தமிழ் ஆசிரியர் முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஆடு ஒன்று அவர் பையை முகர்ந்தது. அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “அங்குட்டுப் போங்க, சார் உக்காந்திருக்காகல்ல” என்றாள். ஆட்டிடம்தான் சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டிவிட்டது.

அரை மணி நேரம் அவளோடு பேசினார். அம்மாவின் மருந்து, மழை, தம்பி, அவள் ஊர் மீன், எங்கள் ஊர் மீன் எல்லாம் பேசினார்கள். பிறகு சுவரில் இருந்த காலண்டரைக் காட்டி, அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். எண்களைத் தவிர அதில் எதுவும் அவளுக்குத் தெரியாது.

வாசலில் வண்டியை எடுக்கும்போது அவர் என்னிடம் சொன்னார். “பேசுறதப் பத்தி நான் எங்க வேணாலும் வந்து சொல்லுவேன் டீச்சர். ஆனா போதுமான அளவு தெரியும்னு எழுதணும். பஸ் போர்டு படிக்கத் தெரியாம அதப் போதுமானதுன்னு எப்படி எழுதுறது?”

போதுமான அளவு என்றால் எவ்வளவு என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. நான் வேறு யாரிடமாவது போயிருக்கலாம். ஆனால் அவர் பேசியதைப் பின்னாலிருந்து அவளும் கேட்டுவிட்டாள். அவர் போனதும், படிக்கிறேன் மதினி என்றாள். கணவனின் அக்கா என்பதால் என்னை அவள் மதினி என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஒரு சொல்லைத் தவிர எங்களுக்குள் தமிழ் அதுவரை இருந்ததில்லை.

வாரத்தில் இரண்டு நாள் பள்ளி முடிந்ததும் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். ஏழு மணி பஸ்ஸுக்குத் திரும்பிவிட வேண்டும். நாள் முழுவதும் கரும்பலகை முன் நின்ற கால். அங்கே போய் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அ, ஆ சொல்லிக் கொடுக்க எனக்குப் பொறுமை போதவில்லை. அவளுக்கும் அந்த நேரம் கண் சொருகும். விடியற்காலையிலிருந்து வேலை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொட்டாவி விட்டபடியே உயிர்மெய் எழுத்துகளைக் கடந்தோம். ‘ன’வில் வந்து அவள் நின்றுவிட்டாள். மூன்று எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்டாள். தமிழ் ஆசிரியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கட்டிலில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். தூங்குகிறாள் என்று நினைப்போம். ஒருநாள் குழறிய பேச்சில் மெதுவாகச் சொன்னாள். “நான் கைநாட்டுத்தான். எனக்குத் தமிழ் தெரியுமான்னு ஒருத்தனும் கேக்கல.”

அவள் அம்மாவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, “உங்களைக் கேட்டா என்ன சொல்லுவீக அத்தை?” என்றாள். அம்மா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

நேர்காணலில் நாட்டைப் பற்றியும் கேட்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஐந்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துப் போனேன். குடியரசுத் தலைவர், ஆளுநர், கிராம சபை, வாக்களிக்கும் வயது. நம் மாவட்டத்தில் எத்தனை தாலுகா என்று அவள் கேட்டபோது நான் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், சிவகங்கை என்று விரல் மடக்கி, மானாமதுரைக்குப் பிறகு நின்றேன். இந்த மாவட்டத்தில் பிறந்து, இங்கேயே சம்பளம் வாங்கி, எல்லாத் தேர்தலிலும் வாக்குச்சாவடி வேலை பார்த்தவள் நான். போனில் தேடிப் பார்த்து மிச்சத்தைச் சொன்னேன். அவள் அதை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாள். தமிழில் எழுது என்று அதட்டினேன். அதட்டியது தமிழில்தான் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது.

நான்கு மாதத்தில் காலண்டரைப் படித்தாள். திக்கித் திக்கி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துத்தான். ஆசிரியர் மறுபடி வந்து, ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேட்டு, அங்கேயே உட்கார்ந்து சான்றை எழுதினார். இரண்டாவது சான்றை அம்மாவைப் பார்க்க வரும் நர்ஸ் கொடுத்தார். அவர் எதையும் படிக்கச் சொல்லவில்லை. விண்ணப்பத்தைக் கொடுத்தோம். போலீஸ் விசாரணைக்கு வந்து போனார்கள். பிறகு ஒன்றும் வரவில்லை. கோப்பு நகர்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

அந்தக் காத்திருப்பில்தான் அம்மா போய்ச் சேர்ந்தாள். தை மாதம், காலையில் ஒரு கரண்டி கஞ்சி குடித்துவிட்டு, இரண்டாவது கரண்டிக்கு வாயைத் திறக்கவில்லை. அவள் கையில் கரண்டியோடு எனக்குப் போன் செய்தாள்.

காரியங்கள் முடிந்து ஒரு வாரம் கழித்து, அம்மாவின் கட்டிலைப் பிரித்து வெளியே வைத்துக்கொண்டிருந்தோம். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: இனி நீ இங்கே கஷ்டப்பட வேண்டியதில்லை, பிலிப்பைன்ஸில் இருக்கும் உன் அக்காவிடம் போவதென்றால் போ, விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், டிக்கெட்டுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். நல்லதைத்தான் சொல்கிறேன் என்று உண்மையாகவே நம்பினேன். சொல்லி முடித்ததும் தோளிலிருந்து ஏதோ இறங்கியது போலக்கூட இருந்தது.

அவள் கட்டில் காலைக் கீழே வைத்தாள். தமிழில் கேட்டாள்.

“அப்ப அத்தையப் பாக்க ஆள் வேணும்னுதான் எனக்குப் பேப்பர் போட்டீகளா மதினி?”

இல்லை என்று சொன்னால் பொய்யாகும். அவள் அழவில்லை, கத்தவில்லை. இரண்டு பேருக்கும் அதற்குத் தெம்பு இல்லை. கட்டில் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மாட்டுக்கொட்டகையில் வைத்தாள். நான் உதவப் போனேன். விட்டுவிடுங்கள் என்று கையை மட்டும் அசைத்தாள்.

பத்து நாள் நாங்கள் பேசவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. பதினோராம் நாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். நேர்காணலுக்கு அழைத்துக் கடிதம் வந்திருந்தது. அதை அவளே படித்துவிட்டாள். ஒரு சொல் மட்டும் புரியவில்லை என்று காட்டினாள். ‘நேரில்’ என்ற சொல். நேராக வர வேண்டுமா, வளையக் கூடாதா என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அவளை உள்ளே கூப்பிட்டு இட்லி வைத்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்; சட்னி போடட்டுமா என்பதற்கும் அதற்கும் நடுவில் எங்கோ சொன்னேன். அவள் தலையைக் குனிந்து சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை லீவு போடுங்க மதினி என்றாள்.

நேர்காணல் எடுத்த அதிகாரி மேற்கு மாவட்டத்துக்காரர் போலிருந்தது, பேச்சில் தெரிந்தது. என்னைப் பின்னால் உட்கார அனுமதித்தார். பெயர், ஊர், எப்போது வந்தீர்கள், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு செய்தித்தாளை நீட்டிப் படிக்கச் சொன்னார். உரத் தட்டுப்பாடு பற்றிய செய்தி. ‘தட்டுப்பாடு’ என்பதை அவள் மூன்று தடவை முயன்று பிடித்தாள். நான் என் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். தாலுகாக்களைச் சொன்னாள், ஒன்றை விட்டுவிட்டாள். அவர் பரவாயில்லை என்றார்.

பிறகு, இந்தியக் குடியுரிமை ஏன் வேண்டும் என்று கேட்டார்.

அதற்கு ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தோம். நான்தான் எழுதிக் கொடுத்தேன். இந்த நாட்டின் பண்பாடு, மக்களின் அன்பு என்று நான்கு வரி. மனப்பாடமாகச் சொல்லுவாள். அவள் முதல் வரியைத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் எழுந்தே விட்டேன்.

“அலுத்துப்போச்சு சார்,” என்றாள். “வருசா வருசம் வந்து, நான் எங்க வீட்டுல இருக்கலாமான்னு கேக்குறேன். அவுக இருக்கையிலயும் கேட்டேன், அவுக போனப்புறமும் கேக்குறேன். ஒரு தடவ நல்லா விசாரிச்சு, இரு இல்ல போன்னு சொல்லிட்டீகன்னா, நான் போயி என் வேலையப் பாப்பேன்.”

அவர் செய்தித்தாளை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அவ்வளவுதான், போகலாம் என்றார்.

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். கெடுத்துவிட்டாய் என்று நான் சொல்லவில்லை, ஆனால் மனதில் அதுதான் இருந்தது. நான் எழுதிக் கொடுத்ததைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அதை எல்லோரும்தான் சொல்வார்கள் என்றாள். பிறகு, எங்கள் வீடு என்று அவள் சொன்னது எதை என்று யோசித்தேன். நான் பிறந்த வீடு அது. நான் அங்கிருந்து போய்விட்ட இத்தனை வருடமும் அங்கே இருந்தவள் அவள் என்று கணக்குப் பார்க்கத் தேவையில்லை. அங்கே விளக்கு எங்கே, உப்பு எங்கே என்று எனக்கு இப்போது தெரியாது.

கோப்பு டெல்லிக்குப் போயிற்று. அதன்பின் இன்னும் ஒரு விசா நீட்டிப்பு வாங்கவேண்டி வந்தது. அந்த முறை அவள் தனியாகவே போய் வாங்கிக்கொண்டு வந்தாள். அடுத்த வருட மழைக்காலத்தில், கொள்கை அளவில் ஒப்புதல் என்று கடிதம் வந்தது. பழைய குடியுரிமையை விட்டுவிட்டதற்குச் சான்று கொண்டுவர வேண்டும் என்றும் அதிலேயே இருந்தது. டெல்லிக்கு ரயிலில் போனோம். அங்கே பிலிப்பைன்ஸ் தூதரகத்தில் அவள் தன் மொழியில் பேசியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். வேகமாக, சத்தமாக, நடுவில் சிரித்துக்கூடப் பேசினாள். எனக்குப் பழக்கமில்லாத ஒரு ஆள் போல இருந்தாள். வெளியே வந்தபின் அவள் அக்கா போனில் கூப்பிட்டாள். இனிமேல் எங்கள் ஊருக்கு நீ விருந்தாளியாகத்தான் வர வேண்டும் என்று அக்கா சொன்னதாகச் சொன்னாள். அதற்கு நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். “ஆமான்னேன்” என்றாள். திரும்பும் ரயிலில் ஒரு பகல் முழுவதும் மேல் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் எழுப்பவில்லை.

உறுதிமொழி எடுக்கும் நாளில் சிவகங்கையில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. தாளைத் தமிழில் கேட்டு வாங்கிப் படித்தாள். விரல் வைத்துத்தான் படித்தாள், ஆனால் நிற்கவில்லை. கையெழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் போட்டாள். அதுதான் பழகிவிட்டது என்றாள். சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். வாழ்த்துச் சொன்னார்கள். ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

காரைக்குடி பஸ் நிலையத்தில் இறங்கியதும், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், ஆதாரில் திருத்தம் என்று இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லத் தொடங்கினேன்.

“அடுத்த மாசம் பாப்போம் மதினி. இப்ப ஒண்ணும் வேண்டாம்,” என்றாள்.

ஆடுகளைக் காலையிலிருந்து அவிழ்க்கவில்லை என்று சொல்லி, நாச்சியாபுரம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும் முன்பே கண்ணை மூடிவிட்டாள். நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்கள் மேசைமேல் கட்டுக் கட்டாக இருந்தன. அன்று நான் ஒரு கட்டைக்கூடப் பிரிக்கவில்லை.